அடுக்குக்கு ஒரு வலி

என் மகள் வயிற்றில் இருந்த கடைசி மாதத்தில் என் உடம்பு எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை. கால் வீங்கி என் செருப்பு எதுவும் ஏறாமல், என் வீட்டுக்காரரின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். பச்சைத் தண்ணீர் குடித்தாலும் நெஞ்சு எரிந்தது. இடப்பக்கம் திரும்பிப் படுக்கவேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். எங்கள் கட்டிலுக்கு இடப்பக்கம் சுவர். அந்தச் சுவரின் ஒவ்வொரு கீறலும் எனக்கு மனப்பாடம். புரண்டு படுக்கவேண்டுமென்றால் முதலில் எழுந்து உட்கார்ந்து, வயிற்றைத் தூக்கி மறுபக்கம் வைத்து, பிறகு நான் போய் அதன் பக்கத்தில் படுக்கவேண்டும்.

இதற்கிடையில் வயிறு அடிக்கடி கல்லாக இறுகும். அடிவயிற்றிலிருந்து முதுகுக்குப் போய், முதுகிலிருந்து திரும்பி வரும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் விட்டுவிடும். அது பொய் வலி, உடம்பு பிரசவத்துக்குப் பழகிப் பார்க்கிறது, பயப்பட வேண்டாம் என்று எங்கள் பகுதிக்கு வரும் மருத்துவிச்சி மிஸ் சொன்னார். வலி வரும்போது மூக்கால் இழுத்து வாயால் மெதுவாக விடவேண்டும் என்று செய்தும் காட்டினார். செய்து பார்த்தேன். வெறும் காற்றை விடுவானேன் என்று தோன்றியது. கொஞ்சம் சொல்லையும் சேர்த்து விட்டேன். காகத்தைத் திட்டினேன், தண்ணீர்த் தாங்கிமேல் ஏறி மூடியைக் கழற்றும் குரங்கைத் திட்டினேன், குப்பை எடுக்க வராத லொறியைத் திட்டினேன். உண்மையாகவே வலி குறைந்தது. எனக்கு முன்கோபம் பிறவிக் குணம். அதனால் ஒரு பிரயோசனம் கிடைத்தது அந்த மாதத்தில்தான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். என் தாய்வீடு கெலிஓயாவில் பூட்டிக் கிடந்தது. அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். லீவு தருவார்கள், தருவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்த வீட்டு மகளுக்கும் பிரசவம் வருகிறது, இப்போது போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். யாரோ ஒருத்தியின் பிள்ளையைக் குளிப்பாட்ட என் அம்மா வேண்டும், எனக்கு வேண்டாமா? முகம் தெரியாத அந்தக் குவைத்துப் பெண்ணுக்கும் என் வாயிலிருந்து சில வலிகளின் பங்கு போய்ச் சேர்ந்தது. பாவம், அவளுக்கும் அப்போது கால் வீங்கித்தான் இருந்திருக்கும்.

ஆக, நான் கண்டி மஹய்யாவையில் மாமியார் வீட்டிலேயே இருந்தேன். மாமியார் மெச்சிய மருமகளும் இல்லை, மருமகள் மெச்சிய மாமியாரும் இல்லை என்பார்கள். எங்களுக்குள் சண்டை கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. மாமி அளந்து பேசுகிறவர்; நான் அளக்காமல் பேசுகிறவள். வலி வரும்போது இவர்முன் அழக்கூடாது என்று மட்டும் முடிவு செய்திருந்தேன். அம்மா இல்லையே என்று நான் அழுவதாக அவர் நினைத்துவிடக் கூடாது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே இருந்தது. நிஜ வலி வரும்போது என் கையைப் பிடித்துக்கொள்ள யார் இருப்பார்கள்? அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாமி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். பகல் சாப்பாடு முடிந்ததும் மாவைக் குழைத்து, உரலில் போட்டுத் தட்டுத் தட்டாகப் பிழிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஸ்டீமரில் வைப்பார். பொழுது சாய்வதற்குள் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் போய்விடவேண்டும். மாமா செத்த வருடத்தில்கூட, முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே உரலைக் கையில் எடுத்தவர். ஓடர் தவறியது என்ற சொல் அவர் காதில் விழுந்ததே இல்லை.

பிரசவ லீவில் வீட்டில் இருந்த நான் (நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை) பின்னேரங்களில் சமையலறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, இன்னொரு கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மாமி வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வலியின் இடைவெளியைப் பார்க்கவென்று என் வீட்டுக்காரர் என் போனில் ஏதோ ஒன்றை இறக்கித் தந்திருந்தார். வலி தொடங்கும்போது ஒரு தடவை, முடியும்போது ஒரு தடவை அமுக்கவேண்டும். தொடக்கத்தில் அமுக்கினேன். முடிவில் அமுக்க மறந்துவிட்டேன். பின்னேரம் எடுத்துப் பார்த்தால், காலையிலிருந்து ஒரே வலி விடாமல் வலிக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சிவப்பு எழுத்தில் கத்திக்கொண்டிருந்தது. அன்றோடு போனை அலுமாரியில் வைத்துவிட்டேன்.

மாமி தன் வழியில் கணக்கு வைத்தார்.

"ஒரு அடுக்கு வேகுறதுக்குள்ள எத்தன வலி வருதுனு பாரு புள்ள. ஒண்ணு வந்தா சும்மா. ரெண்டு மூணு வந்தா கெளம்பணும்."

அவருடைய பிரசவத்துக்கும் அவர் மாமியார் அப்படித்தான் கணக்குப் பார்த்தாராம். எனக்கும் பிடித்திருந்தது. அமுக்கவேண்டியது எதுவும் இல்லை. ஆவி மேலே வரும், மூடி நடுங்கும், மாமி அடுக்கை இறக்குவார். அதற்குள் எனக்கு ஒரு தடவை வயிறு இறுகிவிடும். "அடுக்குக்கு ஒண்ணு," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்வோம். மாமியும் நானும் சேர்ந்து சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் ஒரே அடுக்குக்கு மூன்று வலி வந்தது. மாமி மாவுக் கையைக் கழுவாமலே கத்தினார். என் வீட்டுக்காரர் ஒஃபீசிலிருந்து ஓடி வந்தார். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. ரோட்டுக்கு இறங்கப் படிகள் மட்டும்தான். படியின் அடியில் எப்போதும் த்ரீவீலோடு நிற்கும் நானா, எங்கள் பகுதி முஸ்லிம் மனிதர், என்னை முட்டைப் பெட்டி ஏற்றுவதுபோல் ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய மிஸ் (தாதிமாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தவ கல் தியெனவா துவ," என்றார். இன்னும் நாள் இருக்கிறது மகளே, வீட்டுக்குப் போ. வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்பு அணைந்து கிடந்தது. கேஸ் முடியும் தறுவாயில் இருந்திருக்கிறது. சுடர் மங்கி, அந்த ஒரு அடுக்கு வேகவே மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறது. எனக்கு வலி கூடவில்லை. இடியப்பத்துக்குத்தான் நேரம் கூடியிருந்தது.

இரண்டாவது தடவை போனதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அன்று பகல் பலாக்கொட்டைக் கறி. ஆசைக்குக் கொஞ்சம், பிள்ளைக்குக் கொஞ்சம் என்று நிறையச் சாப்பிட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் அதே மிஸ். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். சொன்னேன். வார்டில் இருந்த எல்லா மிஸ்மாரும் சிரித்தார்கள்.

திரும்பி வந்து படி ஏறும்போது ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை. "என்ன புள்ள?" "ஒண்ணும் இல்ல." "என்ன புள்ள?" "ஒண்ணும் இல்ல." மேலே எங்கள் வீடு வந்து சேர்வதற்குள் நான் சபதம் எடுத்துவிட்டேன். புலி வருது கதை இரண்டு தடவையோடு போதும். இனி பிள்ளையின் தலை தெரிந்தால் மட்டுமே இந்தப் படி இறங்குவேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் இரவு என் வீட்டுக்காரர் ஒரு நல்ல காரியம் செய்தார். எங்கள் கேஸ் அடுப்பின் பர்னரில் கரி அடைத்து, சுடர் கார்த்திகை விளக்குமாதிரி மினுங்கும். இரண்டு மாதமாக நான் அதைச் சொல்லிச் சொல்லி அவர் உயிரை எடுத்திருந்தேன். கடைசியில் என் வாய்க்குப் பயந்து புது பர்னர் வாங்கிவந்து மாட்டினார். மறுநாள் பகல் மாமி அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பின்வாங்கிப் பார்த்தார்.

"அடேயப்பா. ராசாவாட்டம் எரியுதே!" என்றார். மாமி வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அது. நானும் ஏதோ நானே செய்துகொடுத்த அடுப்புப்போலப் பெருமையாகச் சிரித்தேன்.

அன்றைக்கும் என் கதிரையில் போய் உட்கார்ந்தேன். முதல் அடுக்கில் ஒரு வலி. கொஞ்சம் உறைப்பாக இருந்தது. "அடுக்குக்கு ஒண்ணு," என்றோம். இரண்டாவது அடுக்கில் ஒன்று. குப்பை லொறியை இழுத்து வைத்துத் திட்டினேன். மூன்றாவதில் ஒன்று. இது முதுகைப் பிளந்துகொண்டு வந்தது. எழுந்து நின்று, அலுமாரியில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரின் பரம்பரையையே திட்டினேன். அந்தப் பரம்பரையின் மூத்த ஆள் அமைதியாக மாவு பிழிந்துகொண்டிருந்தார்.

"நேத்து மாதிரித்தான் புள்ள. அடுக்குக்கு ஒண்ணுதான வருது. சூட்டு வலியா இருக்கும். சீரகத் தண்ணி குடி. பொய் வலின்னா போயிரும்."

குடித்தேன். போகவில்லை. இன்னொரு தம்ளர் தந்தார். அதையும் குடித்தேன். மெய் வலி என்றால் சீரகத் தண்ணீருக்குக் கூடும் என்று அவரே ஒரு நாள் சொல்லியிருந்தார். கூடுவதுபோலத்தான் இருந்தது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மிஸ்ஸின் சிரிப்பும் வாசல்தோறும் இருந்த தலைகளும் என் கண்முன் வந்து நின்றன. கணக்கும் சரியாகத்தானே இருக்கிறது? அடுக்குக்கு ஒன்று. அப்படியானால் இது பொய் வலி. பொய் வலியே இப்படி என்றால் மெய் வலி எப்படி இருக்கும்?

இன்னும் சில அடுக்குகள் இறங்கின. ஒரு கட்டத்தில் வலி வந்தபோது திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். யார் ஞாபகமும் வரவில்லை. காகம் இல்லை, குரங்கு இல்லை, குவைத்தும் இல்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மாமி பிழிவதை நிறுத்தினார்.

"ஏன் திட்டல?"

கதிரையின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"ஏ புள்ள. ஏன் யாரையும் திட்டல நீ?"

தலையை மட்டும் ஆட்டினேன். மாமி என் முகத்தைப் பார்த்தார். பிறகு மாவுச் சட்டியைப் பார்த்தார். சட்டி காலி. வழக்கமாகப் பள்ளிக்கூட வான் கீழே வந்து ஹோன் அடிக்கும்போது பாதிச் சட்டி மாவு மிச்சம் இருக்கும். அன்று வான் இன்னும் வரவேயில்லை, மாவு முடிந்துவிட்டது. மாமி மெதுவாகத் திரும்பி, நீலமாகச் சீறிக்கொண்டிருந்த அந்தப் புது அடுப்பைப் பார்த்தார்.

"அடி பாவி, அடுப்பு!" என்று மாவுக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார். நெற்றியில் வெள்ளையாக விரல்கள் பதிந்தன.

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அடுக்கு இரண்டு மடங்கு வேகத்தில் வெந்துகொண்டிருந்தது. வலியும் அதற்குச் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதற்கு நடுவில் உட்கார்ந்து "அடுக்குக்கு ஒண்ணு" என்று பாட்டுப் படித்துக்கொண்டிருந்தோம். இடியப்பத்தை நம்பிப் பிள்ளை பெறப் போன குடும்பம் கண்டியில் எங்களுடையது மட்டுமாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு மாமி அளந்து பேசவில்லை. அடுப்பை அணைத்தார், பையைத் தூக்கினார், என்னைத் தூக்கினார், மகனுக்குப் போன் எடுத்து "நேரா ஆஸ்பத்திரிக்கு வா" என்றார். படியில் பாதியில் ஒரு வலி வந்தது. பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலில் தலைகள் வந்தன. மாமி பார்த்த பார்வையில் ஒரு தலையும் "என்ன புள்ள" கேட்கவில்லை.

கீழே நானா த்ரீவீலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, இந்த முறை நெசமா, இல்ல பலாக்கொட்டையா?" என்று சிரித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டார். "ஏறுங்க, ஏறுங்க. அல்லாஹ் லேசாக்குவான்."

பள்ளிக்கூடம் விடும் நேரத்துக் கண்டி நகரத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. பேராதனைப் பக்கம் போகும் ரோட்டில் வான், பஸ், கார் எல்லாம் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. நாங்கள் நடுவில். நானா ஹோனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒருவரும் அசையவில்லை; அவர்களுக்கும் அசைய இடம் இல்லை. அடுத்த வலி வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அந்த மாதிரிப் பயம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. இங்கேயே, இந்த ரெக்சின் சீட்டிலேயே, ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டு போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் என் பிள்ளை பிறந்துவிடப் போகிறது.

"அம்மா," என்று கத்தினேன். அவர்முன் அழக்கூடாது என்ற முடிவெல்லாம் எங்கே போனதோ. "அம்மா, அம்மா," என்று அழுதேன்.

"இந்தா இருக்கேன்," என்றார் மாமி.

உலர்ந்த மாவு ஒட்டியிருந்த வலது கையை என் மடியில் வைத்தார். நான் இரண்டு கையாலும் அதன் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்தேன் என்பது மரியாதையான சொல். வளைகாப்புக்குப் போட்ட என் கண்ணாடி வளையல்கள் இரண்டு உடைந்தன. மாமி "ஸ்" என்றுகூடச் சொல்லவில்லை. இடது கையை வெளியே நீட்டி எதையோ வீசினார். இடியப்பம் மூடும் வெள்ளைத் துணி அது. அவசரத்தில் தோளில் போட்டபடியே வந்துவிட்டார். வெள்ளைத் துணியைக் கண்ட பொலிஸ்காரர் ஓடிவந்து உள்ளே எட்டிப் பார்த்தார். என் முகமே போதுமானதாக இருந்திருக்கும். விசில் ஊதி ஊதி எப்படியோ ஒரு பஸ்ஸை நடைபாதைமேல் ஏற்றி எங்களுக்கு வழி எடுத்துக் கொடுத்தார். அவரும் நன்றாக இருக்கவேண்டும், அவர் பிள்ளை குட்டிகளும் நன்றாக இருக்கவேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் அதே பெரிய மிஸ். "ஆபஹு ஆவத?" திரும்பவும் வந்துவிட்டாயா என்று சிரிப்போடு தொடங்கியவர், பாதியில் நிறுத்திவிட்டுச் சில்லு நாற்காலிக்குச் சத்தம் போட்டார். மாமியை உள்ளே விடவில்லை. என் விரல்களை அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டியிருந்தது. உள்ளே போனபிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கத்தினேன், மூக்கால் இழுத்து வாயால் விட்டேன், திட்டும் திரும்பக் கிடைத்தது. மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாதது அன்று நான் செய்த புண்ணியம். மகள் பிறந்தாள். பிறந்ததும் அவள் போட்ட சத்தத்தைக் கேட்டு, என்னைப் பார்த்து, மிஸ் தலையை ஆட்டிக்கொண்டார். என் வாய்தான் அவளுக்கும் என்று அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சமையலறையில் சத்தமே இல்லை என்பதைக் கவனித்தேன். பகல் சாப்பாடு முடிந்தது, மாவு குழைக்கவில்லை. உரல் கவிழ்த்து வைத்தபடி இருந்தது. வாசலில் சாப்பாட்டுக் கடைக்காரர் வந்து நின்று, ஏன் இரண்டு மூன்று நாளாக இடியப்பம் வரவில்லை என்று மாமியிடம் கேட்பது அறைக்குள் எனக்குக் கேட்டது.

"கேஸ் இல்லங்க. சிலிண்டர் முடிஞ்சிருச்சு. வந்ததும் அனுப்புறேன்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. புதுச் சிலிண்டர் மாட்டி இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை. மாமி பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக எழுந்து போய்ப் பார்த்தேன். மாமி வலது கையைச் சேலை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் போனதும் கையை வெளியே எடுத்தார். மணிக்கட்டில் கோடாலித் தைலம் பூசித் துணி சுற்றியிருந்தது. துணிக்கு மேலும் கீழும் கை பொம்மென்று வீங்கியிருந்தது. என் விரல்கள் பதிந்த இடமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. அந்தக் கையால் உரலை எப்படி அமுக்குவது?

"மாமி..." என்றேன்.

"வீக்கந்தானே. இறங்கிரும்," என்றார். "மருமக புடிச்சதுல கை போச்சுனு ஊருக்கெல்லாம் சொல்லவா? புள்ளைய உள்ள கொண்டு போ, காத்து அடிக்குது."

அன்று பின்னேரம் என் வீட்டுக்காரர் உரலைப் பிடித்தார். மாமி பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். இடியப்பம் என்று சொல்லமுடியாது. கோழி கிளறிய வைக்கோல் என்று வேண்டுமானால் சொல்லலாம். கடைக்கு அனுப்பவில்லை, நாங்களே சாப்பிட்டோம்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குவைத்திலிருந்து அம்மா வீடியோவில் வந்தார். பேத்தியைக் காட்டச் சொல்லிப் பார்த்தார், அழுதார், மூக்கைத் துடைத்தார், மறுபடி பார்த்தார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ரொம்ப வலிச்சுச்சாடி?"

நான் போனை மாமி பக்கம் திருப்பினேன்.

"அவங்ககிட்ட கேளும்மா," என்றேன்.